எங்கடா அந்த ஒண்ணரை ஆலன் கீ?

போன வருஷம் ஒரு ரோபோ போட்டி. அரையிறுதி. எங்கள் ரோபோவை நேராகப் போகச் சொன்னால் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. முந்தின இரண்டு ராத்திரி எங்கள் கோடிங் ஆள் தூங்கவே இல்லை. பிஐடி மதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். என்கோடரைத் திட்டித் தீர்த்தான். கடைசியில் "தரை சமமா இல்ல மச்சி" என்று முடிவுக்கு வந்துவிட்டான்.

மேட்ச்சுக்கு முன்னால் செட்டிங் டைம் ஒரு நிமிஷம். ரோபோவைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்த ஒரு ஜூனியர் சொன்னாள்: "அண்ணா, இந்த வீல் தனியா சுத்துது. மோட்டாரோட சேர்ந்து சுத்தல."

அவ்வளவுதான் விஷயம். மோட்டார் ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் இணைக்கிற கப்ளிங்கில் ஒரு கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. என்கோடர் இருப்பது மோட்டார் பக்கம். அது "நான் சரியாத்தான் சுத்தறேன்" என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சக்கரம் மட்டும் வழுக்கிக்கொண்டு பின்தங்கியது. இரண்டு ராத்திரி நாங்கள் கோடில் தேடியது ஒரு அரிசி அளவு திருகை.

திருகு எம்3. அதற்கு 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். பெட்டியைக் கவிழ்த்தோம். மூன்று கட்டிங் பிளேயர், இரண்டு க்ளூ கன், ஒரு டிரில், அரை கிலோ கேபிள் டை, யாருடையதோ ஒரு சாக்ஸ். 2 இருந்தது, 2.5 இருந்தது, 3 இருந்தது. ஒண்ணரை இல்லை. "எங்கடா அந்த ஒண்ணரை ஆலன் கீ?" என்று கேப்டன் கத்தியது எதிர் டீமுக்கே கேட்டது. விசில் அடித்தார்கள். மூன்று நிமிஷம் எங்கள் ரோபோ சாமி ஊர்வலம் மாதிரி ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. தோற்றோம்.

இந்தக் கட்டுரை அந்த ஒண்ணரை ஆலன் கீக்காக. அதோடு, யாரும் ஸ்டேட்டஸ் போடாத இன்னும் சில கைக்கருவிகளுக்காக. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: டீமுக்குப் பணம் வந்தால் முதலில் வாங்க வேண்டியவை இவைதான். நாம் வாங்குவது கடைசியில். பெரும்பாலும் வாங்குவதே இல்லை.

போட்டி எதில் நடக்கிறது?

ஏபியு ரோபோகான் 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. அதற்கு இந்திய அணியைத் தேர்வு செய்யும் போட்டிதான் நம் ஆட்கள் உயிரை விடும் டிடி ரோபோகான். அதில் பொதுவாக ஆட்டம் 3 நிமிஷம், அதற்கு முன் செட்டிங் டைம் 1 நிமிஷம். நாங்கள் போனது அதைவிடச் சின்னப் போட்டி; விதி கிட்டத்தட்ட அதே மாதிரி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரோபோவைச் செய்ய நமக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. லேபில் லேத் இருக்கிறது, 3டி பிரிண்டர் இருக்கிறது, லேசர் கட்டிங்குக்கு வெளியே கொடுக்கலாம். ஆனால் பஸ்ஸில் ஏற்றி, குலுங்கி, இறக்கி, நாலு மேட்ச் மோதி முடித்த பிறகு அதே ரோபோவை ஓடும் நிலையில் வைத்திருக்க நம்மிடம் இருப்பது ஒரு மேஜை, ஒரு பெட்டி, சில நிமிஷங்கள். அங்கே பிரிண்டர் வராது. அங்கே நடப்பது பராமரிப்புப் போட்டி. அதற்கு நாம் தயாராவதே இல்லை.

பெட்டியில் என்ன இருக்கணும்?

முதலில் ஆலன் கீ. செட்டாக வாங்கினால் போதாது, எந்தத் திருகுக்கு எந்த அளவு என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும். உருளைத் தலை எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3, எம்5-க்கு 4. கிரப் ஸ்க்ரூ என்றால் எம்3-க்கு 1.5, எம்4-க்கு 2. அங்குல செட் ஒன்று பெட்டியில் கலந்திருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ. 2.5 குழியில் அது சமத்தாக நுழையும், திருப்பினால் குழியின் மூலைகளைத் தின்றுவிடும். அப்புறம் அந்தத் திருகை எடுக்க டிரில்தான். ஆலன் கீயின் முனை தேய்ந்துபோனால் கீயை எறிய வேண்டாம். முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டரைச் சாணையில் தேய்த்துவிட்டால் உள்ளே புது அறுகோணம் இருக்கிறது. உருண்டை முனை கீ சாய்வான இடத்தில் நுழைக்க வசதி. ஆனால் கடைசி இறுக்கு அதில் கூடாது, கழுத்து ஒடிந்து குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது அரம். முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து "சதுரமா ராவு" என்றபோது நாம் எல்லோரும் சிரித்தோம். ரெக்கார்டில் படம் வரைந்து மார்க் வாங்கிவிட்டோம். எங்களை அரையிறுதியில் கவிழ்த்தது அந்தப் பாடம்தான். கிரப் ஸ்க்ரூ உருண்டையான ஷாஃப்ட்டில் ஒரு புள்ளியில்தான் தொடும், அதனால் வழுக்கும். அரத்தால் ஷாஃப்ட்டின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்கினால் திருகு உட்கார இடம் கிடைக்கும். பத்து நிமிஷ வேலை. அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கும்போது லேசாகத் தூக்கிவிட வேண்டும். அலுமினியம் ராவினால் பற்களில் அடைத்துக்கொள்ளும், முன்கூட்டியே சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும். முக்கியமாக, மோட்டாரில் மாட்டிய ஷாஃப்ட்டை ராவும்போது மோட்டாரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி டேப் ஒட்டுங்கள். உள்ளே காந்தம் இருக்கிறது. இரும்புத் தூள் அதற்குள் போனால் திரும்பி வராது.

மூன்றாவது சென்டர் பஞ்ச். துளை போடும் இடத்தில் ஒரு சின்னக் குழி தட்டிவிட்டு டிரில் வைத்தால் பிட் நகராது. தட்டாமல் வைத்தால் நடனமாடிவிட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் இறங்கும். நாலு துளையில் இரண்டு தள்ளிப்போனால் மோட்டார் கோணலாக உட்காரும், கியர் கத்தும். "டிசைன் சரியில்ல" என்று கேட் செய்தவன் மேல் பழி விழும். ஸ்பிரிங் வைத்த பஞ்ச் கிடைக்கிறது, சுத்தியல்கூட வேண்டாம், அழுத்தினாலே தட்டும். ஒரு பிரியாணி காசு.

நாலாவது டாப், அதாவது மரை போடும் கருவி. நம் ஊரில் ஒருவனை "மரை கழண்ட கேஸ்" என்போம். அலுமினியத்தில் மரை கழன்றால் டீமே அப்படி ஆகிவிடும். எம்3 துளையில் மரை போய்விட்டதா? பதறாதீர்கள். 3.3 பிட்டால் துளையைப் பெரிதாக்கி, எம்4 டாப்பை விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெய். அவசரப்பட்டு நேராகச் சுற்றினால் டாப் உள்ளே ஒடியும். அது தளர்ந்த திருகைவிடப் பெரிய சோகம்.

ஐந்தாவது கிரிம்பிங் பிளேயர். ஒயர் முனைக்கு ஈயம் வைத்து ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டுவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். பார்க்க அழகாக இருக்கும். ஈயம் மெதுவான உலோகம், திருகின் அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கி விலகிவிடும், பிடி தளரும். ஈயம் எங்கே முடிகிறதோ அங்கே ஒயர் விறைப்பாகி, அதிர்வில் அந்த இடத்திலேயே ஒடியும். முனைக்கு ஃபெரூல் போட்டு கிரிம்ப் செய்யுங்கள். செய்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கையோடு வருகிற இணைப்பு மேட்ச்சிலும் வரும்.

ஆறாவது, கருவி என்றே யாரும் சொல்லாத பெயின்ட் மார்க்கர். நட்டை இறுக்கிய பிறகு நட்டின் மேலும் பக்கத்துத் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போடுங்கள். அடுத்த மேட்ச் முடிந்து வந்ததும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உடைந்திருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது. ஐம்பது நட்டை ஸ்பேனர் போட்டுச் சோதிக்க அரை மணி ஆகும். ஐம்பது கோட்டைக் கண்ணால் பார்க்க அரை நிமிஷம். நன்றாக இறுக்கிய போல்ட்டும் பக்கவாட்டு அதிர்வில் தானாகச் சுழன்று கழலும் என்பதை ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார். "நான் டைட்டாத்தான் வெச்சேன்" என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. வைத்திருப்பீர்கள். கழன்றிருக்கும்.

அளவு தெரியாத கண்

வெர்னியரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேர் திருகை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "இது எம்4தான்" என்று சொல்லும் ஞானிகள்.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், நடுவானில் கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடம்பில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி விமானத்தை இறக்கினார், கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். காரணம் என்ன? முந்தின நாள் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டின் விட்டம் குறைவு. எவ்வளவு குறைவு? 0.026 அங்குலம், அதாவது சுமார் 0.66 மி.மீ. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புது போல்ட்டை எடுத்திருந்தார்கள்.

வருஷக்கணக்கில் விமானம் பார்த்த கண்ணே ஏமாந்தது. நம் கண் எந்த மூலைக்கு? 608 பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ. என்று எல்லோருக்கும் தெரியும். பிரிண்டரில் 22 என்று கொடுத்த துளை 22 ஆகவா வருகிறது? அளந்து பார்க்காமல் சுத்தியலால் அடித்து இறக்கி, தகட்டை விரிசல் விட வைத்த வீரர்கள் எங்கள் லேபிலேயே இருக்கிறார்கள்.

"அதான் பிரிண்டர் இருக்கே?"

இதைச் சொல்லும்போதெல்லாம் வரும் பதில் இது. அல்லது "கார்ட்லெஸ் டிரில் இருக்கும்போது எதுக்குக் கையால திருகணும்?" நியாயமான கேள்விதான். பிரிண்டரும் லேசரும் வந்த பிறகு நம் ரோபோக்கள் நிஜமாகவே நன்றாக ஆகியிருக்கின்றன. நான் அவற்றை விற்கச் சொல்லவில்லை.

ஆனால் நம் பக்கத்துத் தேர்களைப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அத்தனை பெரிய தேருக்கு அது அவசியம்தான். அப்புறமும் வீதி திரும்பும்போது முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு ஒட்டி நடக்கிறார்கள். எந்த நொடியில், எந்தச் சக்கரத்துக்கு, எவ்வளவு கட்டை கொடுத்தால் தேர் எவ்வளவு திரும்பும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிரம்மோற்சவத் தேர் பார்த்தவர்கள், அடுத்த முறை கோபுரத்தையும் அலங்காரத்தையும் விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தடியைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

பவர் டிரைவரால் எம்3 திருகை அலுமினியத்தில் இறக்கும்போது மரை நசுங்குவது உங்களுக்குத் தெரியாது. 'கிர்ர்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். கையால் திருகும்போது தெரியும். முதல் சுற்றிலேயே கோணலாகப் போகிறதா, மரை பிடிக்கிறதா, போதுமா, இன்னும் கால் சுற்று தாங்குமா என்று விரலுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். அந்த ஜூனியர் சக்கரத்தைக் கையால் திருப்பியதால்தான் எங்கள் கோளாறே தெரிந்தது. லேப்டாப்பில் உட்கார்ந்திருந்த நாலு சீனியர்களுக்குத் தெரியவில்லை.

ஃபிட்டர் வேலை

உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் டீமில் கோடிங் கெத்து. டிசைன் கெத்து. திருகு இறுக்குவது "ஃபிட்டர் வேலை", அதை முதல் வருஷப் பசங்களிடம் தள்ளிவிடுவோம், அதுவும் சொல்லிக்கொடுக்காமல். ஆயுத பூஜைக்கு லேபில் 3டி பிரிண்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டோம். அரத்துக்கு ஒரு பொட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது மேஜைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது.

இதை எழுதும் நான் பிள்ளையார்பாளையத்துப் பையன். எங்கள் மாமா வீட்டில் இன்னும் குழித்தறி ஓடுகிறது. தோற்று வந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மாமா புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைத்து முடித்து, முதல் சாண் நெய்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவு பிணைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைக் கையால் முறுக்கி இணைப்பது. ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டாலும் சேலை முழுக்க அந்தக் கோடு தெரியும்.

நான் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தச் சாவி எங்க வெச்சிருந்தீங்க?"

"பெட்டில மாமா. பொதுப் பெட்டி."

அவர் ஒன்றும் சொல்லாமல் தறியைக் காட்டினார். கத்தரிக்கோல் ஒரு நூலில் கட்டி, வலது கை எட்டும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அச்சுப் பல்லுக்குள் இழையை இழுக்கும் சின்னக் கொக்கி பக்கத்துச் சட்டத்தில் செருகியிருந்தது. "தேட எழுந்தேன்னா கை மறந்துடும்பா. எது எதுக்கு வேணுமோ அது அதுலயே இருக்கணும்."

அத்தையின் முகம்தான் சரியில்லை. நான் அரத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "கைவேலை வேணாம்னுதானே உங்கள எல்லாம் காலேஜுக்கு அனுப்பினது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. அவர் பயம் நியாயமானது. தறியில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு வலியும் கடனும் எப்படி வந்தன என்று பார்த்தே வளர்ந்தவன் நான். கைவேலைக்கு இந்த ஊர் கொடுத்த கூலி குறைவு. ஆனால் கூலி குறைவு என்பதால் அந்த அறிவும் குறைவு என்று நாமும் நம்பிவிட்டோம். பட்டம் வாங்கப்போகிற நாம் ஒரு திருகை இறுக்கத் தெரியாமல் அரையிறுதியில் நின்றது அந்த நம்பிக்கையால்தான்.

இனி என்ன செய்யலாம்?

நாங்கள் செய்தது இது. அடுத்த ரோபோவின் சேஸிஸிலேயே ஒரு கிளிப் பிரிண்ட் செய்து 1.5 ஆலன் கீயை மாட்டினோம். பிரிண்டருக்கும் வேலை கொடுத்தாயிற்று. பெட்டிக்குள் ஃபோம் ஷீட் வெட்டி, ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் குழி விட்டோம். குழி காலியாக இருந்தால் பெட்டியை மூடக் கூடாது, லேபைப் பூட்டக் கூடாது. எங்கள் கீ எல்லாவற்றிலும் மஞ்சள் டேப். பெட்டிக்குப் பொறுப்பு அந்த ஜூனியர். மேட்ச்சுக்கு முன்னால் "ஓடலாம்" என்று அவள் சொன்னால்தான் ரோபோ களத்துக்குப் போகும், கேப்டனே அவசரப்பட்டாலும்.

கருவி தொலையும், உண்மைதான். "வாங்கி வெச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிடறான்" என்பதுதான் எல்லா டீமும் சொல்லும் சாக்கு. தொலைவது கருவியின் குணம் இல்லை. அதற்கு ஓர் இடமும் ஓர் ஆளும் இல்லாததன் குணம்.

புது வருஷ பட்ஜெட் எழுதும் டீம்களுக்கு: மோட்டாருக்கு முன்னால், ஸ்பான்சர் டி-ஷர்ட்டுக்கு ரொம்ப முன்னால், கைக்கருவிகள் என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் வருஷப் பசங்களுக்கு முதல் இரண்டு வாரம் ஆர்டுயினோ வேண்டாம். ஒரு அலுமினியத் துண்டு கொடுங்கள். அளக்கட்டும், பஞ்ச் அடிக்கட்டும், துளைத்து மரை போடட்டும், பிசிறு ராவட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். வெறுமனே ஏவாதீர்கள்.

கடைசியாக, அந்த ஒண்ணரை ஆலன் கீ எங்கே போனது என்று கேட்பீர்கள். போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. ஹாஸ்டலில் ஒரு ரூமின் கதவுக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, அதன் கிரப் ஸ்க்ரூவை இறுக்க ஒருவன் லேபிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டான். கைப்பிடி இப்போது சூப்பராக இருக்கிறது. ரூம் நம்பர் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அது என் ரூம்.

இந்த சனிக்கிழமை உங்கள் டீம் பெட்டியைத் தரையில் கொட்டி எண்ணுங்கள். ஒண்ணரை இல்லையென்றால், ஜூனியரைத் திட்டுவதற்கு முன் உங்கள் ஜன்னல் விளிம்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.